ஏற்காடு ஏறும்போது டிரைவ் ஷாஃப்ட் உடைந்தால்: புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு

இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கியரும் விழுகிறது. ஆனால் கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உறுமல் மட்டும் ஏறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. மேட்டில் இருந்தால் மெல்லப் பின்னால் நழுவவும் தொடங்குகிறது. சற்று முன்னால் 'டக்' என்று ஒரு பெரிய சத்தமோ, அடியில் இரும்பு அரைபடும் சத்தமோ கேட்டிருக்கும். இப்படி நடந்தால், கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுற்றைக் கொண்டுபோகும் கம்பியான டிரைவ் ஷாஃப்ட் போயிருக்க வாய்ப்பு அதிகம். நம் ஊர் மெக்கானிக்குகள் ஆக்ஸில் என்றும் சொல்வார்கள்.

சமதளத்தில் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். தள்ளி ஓரம் கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டு மெக்கானிக்குக்காகக் காத்திருக்கலாம். மலைப்பாதையில் கதை வேறு. சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஷாஃப்ட் உடைந்த வண்டியை அந்தச் சரிவில் இன்ஜினும் பிடித்து நிறுத்தாது, கியரும் பிடித்து நிறுத்தாது. புதிதாக ஓட்டுகிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஏன் பிடிக்காது?

ஸ்விஃப்ட், ஐ20, எர்டிகா போன்ற கார்களில் முன்சக்கரங்கள்தான் வண்டியை இழுக்கின்றன. கியர் பாக்ஸிலிருந்து இடச் சக்கரத்துக்கு ஒன்று, வலச் சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு ஷாஃப்ட்கள் போகின்றன. ஒவ்வொன்றிலும் சக்கரத்தை ஒட்டி ஒரு சிவி ஜாயிண்ட், கியர் பாக்ஸை ஒட்டி இன்னொன்று. சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பினாலும், குழியில் ஏறி இறங்கினாலும், சுற்று அறுபடாமல் போய்ச் சேர்வது இந்த ஜாயிண்ட்களால்தான். 1983-இல் மாருதி 800 வந்த பிறகுதான் இந்த அமைப்பு நம் சாலைகளில் பரவலானது. அதற்கு முன்னால் அம்பாசடர் காலத்தில் எல்லாம் பின்சக்கர இழுவை.

இரண்டு ஷாஃப்டுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் இருக்கிறது. எந்தப் பக்கம் சுலபமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம் சுற்றைத் தள்ளிவிடுவது அதன் குணம். ஒரு ஷாஃப்ட் உடைந்தால், உடைந்த துண்டு எதிர்ப்பே இல்லாமல் சுற்றும், இன்ஜினின் சக்தி முழுக்க அங்கேயே வீணாகிவிடும். நல்ல ஷாஃப்ட் நன்றாகவே இருந்தாலும் அந்தச் சக்கரத்துக்கு எதுவும் போகாது. 'ஒன்றுதானே போச்சு, இன்னொன்றை வைத்து மெதுவாகப் போய்விடலாம்' என்ற கணக்கு இங்கே எடுபடாது.

இதே காரணத்தால்தான் முதல் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'பி'-யில் போட்டாலும் உருளும். 'பி' பூட்டுவது கியர் பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு பல்லைத்தான். பூட்டிய பல்லுக்கும் சக்கரத்துக்கும் இடையே ஷாஃப்ட் அறுந்துபோயிருந்தால் அந்தப் பூட்டு சக்கரம்வரை எட்டாது. வண்டியைப் பிடிக்க இருப்பவை கால் பிரேக், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு வைக்கும் கட்டை. இந்த மூன்றுதான்.

ஏறும்போது உடைந்தால்

பிரேக்கை அழுத்தி மிதியுங்கள். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். இன்ஜினை அணைக்காதீர்கள். பிரேக்குக்கு உதவும் பூஸ்டரும் பவர் ஸ்டீயரிங்கும் இன்ஜின் ஓடினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அணைத்த பிறகு ஓரிரு மிதிக்குள் பிரேக் மிதி கல் மாதிரி இறுகிவிடும். சாவியை உருவி, ஸ்டீயரிங் பூட்டிக்கொண்டால் இன்னும் மோசம்.

பதற்றத்தில் பலரும் செய்வது, 'கொஞ்சம் அழுத்தினால் ஏறிவிடும்' என்று மேலும் மேலும் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது. ஏறாது. உடைந்த ஷாஃப்டின் முனை சுழன்று சுழன்று பக்கத்தில் இருக்கும் பிரேக் ஹோஸையும் (பிரேக் ஆயில் போகும் குழாய்) ஏபிஎஸ் வயரையும் அடிக்கும், கியர் பாக்ஸ் கூட்டிலும் மோதும். பிரேக் ஹோஸ் கிழிந்தால் உங்களிடம் மிச்சமிருக்கும் முக்கியப் பிடிமானமும் போய்விடும். ஒருமுறை முயன்று பார்த்து நகரவில்லை என்றால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். மேட்டில் வண்டியைத் தானாகப் பிடித்துவைக்கும் ஹில் ஹோல்டு வசதி இருக்கிறதே என்று நம்பி இருக்க வேண்டாம். சில நொடிகளில் அது விட்டுவிடும்.

வளைவின் நடுவிலேயே நின்றுவிட்டால் அங்கே நிற்பது ஆபத்து. பஸ் திரும்ப இடமிருக்காது. பின்னால் வருகிற வண்டிகளை நிறுத்தச் சொல்லி, ஒருவர் கீழே நின்று வழிகாட்ட, காலை பிரேக்கிலிருந்து எடுக்காமல் அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறக்கி, வளைவு முடிந்து பாதை நேராகும் இடத்தில் ஓரம் கட்டுங்கள். வழிகாட்டுகிறவர் வண்டிக்கு நேர் பின்னால் நிற்கக் கூடாது. ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நிற்க வேண்டும். கூடுமானவரை பள்ளத்துப் பக்கத்தைத் தவிர்த்து மலைப்பக்கமாக ஒதுக்குங்கள். ஸ்டீயரிங்கையும் மலைப்பக்கமாகவே திருப்பி வையுங்கள். அப்போது வண்டி முன்னால் உருண்டாலும் பின்னால் உருண்டாலும் மலைச்சரிவில்தான் போய் முட்டும்.

இறங்கும்போது உடைந்தால்

இதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். ஏறும்போது வண்டி தானாக நின்றுவிடுகிறது. இறங்கும்போது ஓடுகிறது.

மலையில் இரண்டாம் கியரில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள், இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வருகிறது. ஷாஃப்ட் உடைந்த நொடியில் அந்தப் பிடி விட்டுப்போகும். இன்ஜின் சத்தம் சட்டென்று தணியும், வண்டியின் வேகமோ கூடும். சத்தம் குறைய வேகம் ஏறினால் ஏதோ தப்பு என்று காது உடனே சொல்ல வேண்டும். கியரைக் குறைத்துப் பார்க்கலாமே என்று கைகள் தேடும். அதில் பயனில்லை, நேரம்தான் போகும். உடனே கால் பிரேக்கை உறுதியாக மிதித்து, அடுத்த வளைவு வருவதற்குள் நின்றுவிடுங்கள். வளைவைத் தாண்டி நல்ல இடம் பார்த்து நிறுத்தலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மேலிருந்தே பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு வந்திருந்தால் லைனிங் சூடேறி ஏற்கெனவே பிடி தளர்ந்திருக்கும். அந்த நிலையில் இன்ஜின் பிடியும் போனால் மிச்சம் அதிகம் இருக்காது.

பிரேக் மிதி வழக்கத்துக்கு மாறாக ஆழமாகப் போகிறதா? விட்டு விட்டு மிதித்து அழுத்தம் கூட்டுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி பக்கவாட்டில் சறுக்கும். எதுவும் பலிக்காவிட்டால் மலைப்பக்க மண்திட்டில் வண்டியைச் சாய்த்து உரசி நிறுத்துங்கள். கதவும் ஃபெண்டரும் போனால் போகட்டும்.

நின்ற பிறகு

முதல் வேலை கட்டை. டிக்கியில் இரண்டு மரக்கட்டைகள் இருந்தால் நல்லது. இல்லையென்றால் சாலையோரக் கல். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சக்கரத்தோடு ஒட்டி இறுக்கமாக வைக்க வேண்டும். ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தால் வண்டி உருண்டு வரும் வேகத்தில் கல்லை ஏறித் தாண்டிவிடும். ஓட்டுநர் பிரேக்கில் காலை வைத்திருக்கும்போதே வேறொருவர் இறங்கிக் கட்டை போடட்டும். வண்டி முழுக்க நின்றது உறுதியான பிறகுதான் இன்ஜினை அணைத்து நீங்கள் இறங்க வேண்டும்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கி, வண்டிக்கு மேல்பக்கச் சரிவில், சாலைக்கு வெளியே நிற்க வையுங்கள். வண்டியின் நிழலில், அதன் பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம். அங்கே மட்டும் வேண்டாம். பள்ளத்துப் பக்கத் தடுப்புச் சுவரில் உட்காருவதும் வேண்டாம். சாப்பாட்டுப் பையை வெளியே வைத்தால் குரங்குகள் வந்துவிடும், குழந்தைகள் பயந்து சாலைக்கு ஓடுவார்கள்.

எச்சரிக்கை முக்கோணம் உங்கள் டிக்கியில் இருக்கும். அதை வண்டிக்குப் பின்னாலேயே வைத்துப் பயனில்லை. வளைவைத் திரும்பி வருகிறவருக்கு, திரும்புவதற்கு முன்பே தெரிய வேண்டும். ஆகவே வளைவுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வையுங்கள். மேலிருந்து இறங்குகிறவர்களுக்கும் தெரிய வேண்டுமே, அந்தப் பக்கம் ஒரு மரக்கிளையை வெட்டிப் போடுவது லாரிக்காரர்களின் வழக்கம். உதிர்ந்து கிடக்கும் கிளை கிடைத்தால் போதும். பனி இறங்கிய நேரத்தில் இதெல்லாம் போதாது. டார்ச்சோடு ஒருவர் வளைவில் நிற்பதுதான் சரி.

போனில் என்ன சொல்வது?

கிளட்ச் போனாலும் வண்டி இப்படித்தான் மேட்டில் நிற்கும், அதனால் மெக்கானிக் முதலில் கேட்பது அதைத்தான். கிளட்ச் என்றால் கருகிய நாற்றம் மூக்கைத் துளைக்கும், பெரும்பாலும் படிப்படியாகத்தான் இழுவை குறைந்திருக்கும். ஷாஃப்ட் என்றால் நாற்றம் இருக்காது, சட்டென்று நடந்திருக்கும். கட்டை போட்ட பிறகு, வண்டிக்கு அடியில் நுழையாமல், வெளியே குனிந்து முன்சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ரிம்மின் உள்புறம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறதா, ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் (உறை) கிழிந்து தொங்குகிறதா, ஷாஃப்ட் கம்பி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறதா? அதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஏற்காடு பாதையில் வளைவுகளுக்கு எண் போட்ட பலகை இருக்கிறது. இடம் சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை.

"வணக்கம்ங்கண்ணா. ஏற்காடு மலையில எட்டாவது பெண்டுக்கு மேல நிக்கிறோம்ங்க, ஏறுற பக்கம். வண்டி ஸ்விஃப்ட், பெட்ரோல். கியர் விழுது, நகரலைங்க. இடப்பக்க ஆக்ஸில் பூட் கிழிஞ்சு கிரீஸ் வந்திருக்கு."

"பிரேக் நிக்குதா தம்பி?"

"நிக்குதுங்க. ஹேண்ட் பிரேக் போட்டு, பின்னால கட்டையும் வெச்சிருக்கோம்."

"சரி, யாரும் அடியில போகாதீங்க. கட்டி இழுக்கறேன்னு யாராச்சும் வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க. நான் தூக்கற வண்டியோட வர்றேன்."

இவ்வளவு தகவல் கிடைத்தால் அவர் எந்தப் பொருளை எடுத்துவர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிடுவார். சிக்னல் விட்டுவிட்டு வந்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், கதையை அப்புறம் சொல்லலாம்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் 108. வண்டி பாதையை அடைத்து நின்றால் 112-க்குச் சொல்லுங்கள். 1033 என்பது தேசிய நெடுஞ்சாலைகளுக்கான எண். தொப்பூர் கணவாயில் நின்றால் அது உதவும், ஏற்காடு பாதைக்கு அல்ல. தொப்பூர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் வரும் பக்கம் அங்கே நெடுஞ்சரிவு, பாரம் ஏற்றிய லாரிகள் இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே வண்டி நின்றால் எல்லோரும் உடனே இறங்கி இரும்புத் தடுப்புக்கு வெளியே போய்விடுங்கள். பானெட்டைத் திறந்து பார்க்கும் வேலையே வேண்டாம்.

இன்ஷூரன்ஸில் ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வண்டியைத் தூக்கிப்போவது அதில் வரும். உடைந்த ஷாஃப்டின் செலவு சாதாரண பாலிசியில் வராது. விபத்தில்லாமல் தானாகப் பழுதாகும் பாகங்களை அது ஏற்பதில்லை.

இழுத்துப் போவது

மலையில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது. உதவ வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் கயிற்றை எடுப்பார்கள். இறக்கத்தில் பின்வண்டிக்கு இன்ஜின் பிடி கிடையாது, பிரேக் மட்டும்தான். கொஞ்சம் தவறினால் முன்வண்டியின் மேல் ஏறிவிடும். முழு வண்டியையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் ரெக்கவரி வண்டிதான் சிறந்தது. அது கிடைக்காவிட்டால், முன்சக்கர இழுவைக் காருக்கு முன்பக்கத்தைத் தூக்கிப் போகிற வண்டி போதும்.

'உடைந்த ஷாஃப்டைக் கழற்றிப் போட்டுவிட்டு உருட்டிக்கொண்டு போகலாம்' என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். பல கார்களில் ஷாஃப்டின் வெளிமுனையும் அதன் பெரிய நட்டும்தான் சக்கர பேரிங்கை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கின்றன. அது இல்லாமல் சக்கரம் பாரம் தாங்கினால் பேரிங் பிரிந்துவிடும். தவிர்க்க முடியாமல் கழற்றினால், வெளி ஜாயிண்டை மட்டும் தனியாகத் திருப்பி மாட்டி நட்டை இறுக்க வேண்டும். கியர் பாக்ஸ் பக்கம் திறந்த துளை வழியே ஆயில் ஒழுகும், அதையும் அடைக்க வேண்டும்.

வேன், ஜீப், டாடா ஏஸ் வைத்திருப்பவர்களுக்கு

பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா, ஈகோ, டாடா ஏஸ், டெம்போ டிராவலர் போன்றவை பின்சக்கர இழுவை. இவற்றில் கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்கு வண்டிக்கு அடியில் ஒரு நீளமான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் போகிறது. அதன் முனைகளில் இருக்கும் கிராஸ் என்கிற இணைப்புதான் பெரும்பாலும் போகும். முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது 'டொக்' என்று கேட்பதும், மெதுவாகப் போகையில் 'கீச் கீச்' என்று கேட்பதும், வேகத்தில் இருக்கைக்கு அடியில் அதிர்வதும் அறிகுறிகள். கிராஸ் உடைந்து ஷாஃப்டின் முன்முனை தரையில் இறங்கினால் சாலையில் குத்தி வண்டியையே தூக்கும். அடியில் அடிபடும் சத்தம் கேட்ட மறுகணமே நிறுத்துவது இதனால்தான் முக்கியம். லாரி, வேன்களில் ஷாஃப்டைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் இருக்கும். அது இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜீப்களிலும் சில சிறு லாரிகளிலும் ஹேண்ட் பிரேக்கே இந்த ப்ரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட் உடைந்தால் ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்தே போய்விடும். அந்த வண்டியில் கட்டை இல்லாமல் மலை ஏறவே கூடாது.

நான்கு சக்கர இழுவையைத் தேவைப்படும்போது மட்டும் போடுகிற ஜீப்களுக்கு ஒரு வழி உண்டு. உடைந்த பின் ஷாஃப்டை முழுக்கக் கழற்றி எடுத்துவிட்டு, நான்கு சக்கர இழுவையைப் போட்டால் முன்சக்கரங்களே வண்டியை இழுக்கும். மெதுவாகப் பணிமனை போய்ச் சேரலாம். கியர் பாக்ஸின் பின்முனையில் ஆயில் ஒழுகினால் தடித்த பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் ட்யூப் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள்.

இந்த நிலைக்கே வராமல் இருக்க

டிரைவ் ஷாஃப்ட் சும்மா உடைவதில்லை. பல மாதம் முன்பே சொல்லிவிடும். ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் முதலில் வெடிக்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். ஜாயிண்டுக்குள் இரும்புக் குண்டுகள் ஓடும் பள்ளம் தேயும். பிறகு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது 'டிக் டிக் டிக்' என்று கேட்கும். வெளி ஜாயிண்டின் சத்தம் அது. பெரும்பாலும் வளைவுக்கு வெளிப்புறம் இருக்கும் சக்கரத்திலிருந்து வரும். உள் ஜாயிண்ட் தேய்ந்திருந்தால் சத்தத்துக்குப் பதில் அதிர்வு. மேட்டில் அழுத்தும்போது ஸ்டீயரிங் உதறும், காலை எடுத்தால் நின்றுவிடும்.

மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வண்டியை அணைத்துவிட்டு, இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் பூட் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நன்றாகத்தான் தெரியும். விரலை மடிப்புகளுக்குள் விட்டுத் தடவுங்கள். வெடிப்பு மடிப்பின் அடியில்தான் தொடங்கும். விரலில் கறுப்பாகப் பிசுபிசுப்பு ஒட்டினால் பூட் திறந்துவிட்டது. அந்த நிலையில், சத்தம் இன்னும் வராமல் இருந்தால், ரப்பர் பூட், கிரீஸ் இரண்டையும் மாற்றினாலே போதும். முழு ஷாஃப்டின் விலையில் அது ஒரு சிறு பங்குதான்.

மலைக்குப் போகும் அன்று, அடிவாரம் வருவதற்கு முன்னால் ஏதாவது காலி இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, இரு பக்கமும், முன்னாலும் பின்னாலும் மெதுவாக ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஜன்னலை இறக்கி, பாட்டை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். 'டிக் டிக்' கேட்டால் அன்றைக்கு ஏற்காடு வேண்டாம். சமதளத்தில் அந்த ஜாயிண்ட் இன்னும் கொஞ்ச நாள் ஓடக்கூடும். கொண்டை ஊசி வளைவில் சக்கரம் முழுக்க ஒடிந்திருக்க, முதல் கியரின் முழு முறுக்கும் அதன்மேல் விழும். ஏறி இறங்குவதற்குள் 40 முறை இப்படி. ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு பாதையான குப்பனூர் வழி போனால் வளைவு குறைவுதானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம், அதுவும் மலைதான்.

மேலே போன பிறகு சத்தம் கேட்டதென்றால் ஏற்காடு ஊருக்குள்ளேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இறக்கித்தான் ஆக வேண்டும் என்று அவர் சொன்னால் குடும்பத்தைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, காலி வண்டியைத் தாழ்ந்த கியரில், எந்த நொடியும் கால் பிரேக்கிலேயே நிறுத்திவிடக்கூடிய வேகத்தில் இறக்குங்கள்.

பணிமனையில்

கழற்றிய பழைய ஜாயிண்டைக் காட்டச் சொல்லுங்கள். குண்டுகள் ஓடும் பள்ளத்தில் குழி விழுந்திருந்தால் பூட் மட்டும் மாற்றுவது வீண் செலவு. ரீகண்டிஷன் செய்த ஷாஃப்ட் விலை குறைவு, ஊருக்குள் ஓட்டுகிற வண்டிக்குப் போடலாம். அடிக்கடி மலை ஏறும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். போடுகிற கிரீஸ் மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸாக இருக்க வேண்டும். சக்கர பேரிங்குக்குப் போடும் மஞ்சள் கிரீஸ் இதற்கு ஆகாது. ஆக்ஸில் நட்டு புதிதாக வேண்டும், கம்பெனி சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். கியர் ஆயிலை நிரப்பச் சொல்லுங்கள். ஷாஃப்டைக் கழற்றும்போது கொஞ்சம் கட்டாயம் கொட்டியிருக்கும், இது பலமுறை மறந்துபோகும். சஸ்பென்ஷன் போல்ட்டுகளைக் கழற்றியிருந்தால் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள்.

வண்டியை எடுத்ததும் பணிமனை வாசலிலேயே முழுக்க ஒடித்து இரண்டு சுற்று சுற்றுங்கள். சத்தம் இல்லையென்றால் பணம் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். அப்புறம், மலையில் சக்கரத்துக்கு வைத்த கற்களை அப்படியே விட்டு வந்திருந்தால், யாரையாவது அனுப்பியாவது எடுத்துப் போடச் சொல்லுங்கள். இருட்டில் பைக்கில் வருகிறவருக்கு அந்தக் கல் தெரியாது.